பெயர் போடாத பணம்

சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது. கொல்லுப்பட்டறையில் வளர்ந்த பிப் என்ற பையன், திடீர்ப் பணம் வந்ததும் வளர்த்தவரை மறந்தான், அடிபட்டுத் திருந்தினான். தப்பென்று ஒதுக்க முடியாது. ஆனாலும் முழு நாவலையும் நிதானமாகப் படித்தவருக்கு இது உறுத்தும். பிப் திருந்தியதாகச் சொல்லப்படும் இடம் கதையின் மூன்றாம் பாகத்தில் வருகிறது. அதற்கு வெகு முன்னாலேயே, கடனை உடனை வாங்கி, வளர்த்த வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்காமல் லண்டனில் திரிந்துகொண்டிருக்கும் நாட்களிலேயே, அவன் வாழ்க்கையின் மிகப் பெரிய மனுஷத்தனமான காரியத்தைச் செய்து முடித்துவிடுகிறான். ஒரு வக்கீல் குமாஸ்தாவின் துணையோடு, தவணை முறையில், யாருக்கும் தெரியாமல். சுருக்கப் பதிப்புகளில் கல்லறைத் தோட்டம் வரும், மட்கிய கல்யாண உடை வரும், தீப்பிடிக்கும் காட்சி வரும். இந்தக் காரியம் மட்டும் ஒரு வரியாகச் சுருங்கிவிடும், இல்லாவிட்டால் காணாமலே போய்விடும். மொத்தம் 59 அத்தியாயங்களில் 36, 37 இரண்டையும் தாண்டிக் குதித்துவிட்டு இந்த நாவலிலிருந்து வளர்வதைப் பற்றி என்ன பாடம் எடுத்தாலும் அது அரைகுறைதான் என்பது என் கட்சி.

ஏனென்றால் இந்த நாவலில் காசு நடக்காத அத்தியாயம் குறைவு. யார் கொடுத்தார், யார் கைக்குப் போனது, கொடுத்தவர் பதிலுக்கு என்ன கேட்டார் என்று ஒரு பேரேடு போட்டுக்கொண்டே படிக்கலாம். டிக்கன்ஸ் அப்படிப் படிக்கும்படிதான் தொகைகளை ஷில்லிங், பென்னி வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்.

முதல் பற்று, முதல் வரவு

பேரேட்டின் முதல் வரி திருட்டு. கென்ட் சதுப்பு நிலத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், தப்பி வந்த கைதி மேக்விட்ச் ஆறேழு வயதுப் பையனைப் பிடித்து உலுக்குகிறான். விலங்கை அறுக்க அரமும் தின்ன ஏதாவதும் வேண்டும். பிப் அக்காவின் சரக்கறையிலிருந்து ரொட்டி, பாலாடைக்கட்டித் தோல், கொஞ்சம் பிராந்தி, கறி அதிகம் ஒட்டாத ஓர் எலும்பு, பண்டிகைக்கு வைத்திருந்த பன்றிக்கறிப் பை எல்லாவற்றையும் எடுத்துப் போகிறான். எடுத்த பிராந்தியின் அளவு தெரியாமலிருக்க, கைக்கு அகப்பட்ட குடுவையிலிருந்து ஊற்றி நிரப்புகிறான். அது தண்ணீர் இல்லை, தார்த் தண்ணீர். மறுநாள் விருந்தில் அதைக் குடித்துவிட்டு பம்பிள்சூக் மாமா வெளியே ஓடுவதும் குதிப்பதும் சிரிப்புக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் பிறகு பிடிபட்ட மேக்விட்ச், பையனைக் காட்டிக்கொடுக்காமல், பையைத் திருடியது தானே என்று சொல்கிறான். பிப்பை வளர்க்கும் அக்கா புருஷன், கொல்லர் ஜோ அதற்குச் சொல்லும் பதில் கவனிக்க வேண்டியது. அது என்னுடையதாக இருந்த மட்டும் நீ தின்றதில் எனக்குச் சந்தோஷம்தான், நீ என்ன செய்தாய் என்று எங்களுக்குத் தெரியாது, அதற்காக உன்னைப் பட்டினியில் சாகவிடுவோமா என்கிறார். கொடுத்துவிட்டுக் கணக்கு எழுதாத மனிதர் ஒருவர் இந்தக் கதையில் உண்டு என்பது ஐந்தாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிப்புக்குத் தெரிய இன்னும் 52 அத்தியாயங்கள் ஆகின்றன.

முதல் வரவும் அதே கைதியிடமிருந்துதான். சில காலம் கழித்து ஊர்ச் சாராயக்கடையில் முகம் தெரியாத ஆள் ஒருவன், பிப் திருடிக் கொடுத்த அதே அரத்தால் தன் கோப்பையைக் கலக்கிக் காட்டிவிட்டு, ஒரு ஷில்லிங்கைக் கசங்கிய தாளில் சுற்றிப் பையன் கையில் திணித்துப் போகிறான். வீட்டில் பிரித்தால் அந்தத் தாளே இரண்டு ஒரு பவுண்ட் நோட்டுகள். இந்த இரண்டு நோட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மிஸ் ஹாவிஷாம், கல்யாண நாளில் கைவிடப்பட்டு அதே கல்யாண உடையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பணக்காரி. பிப்பை ஜோவிடம் முறைப்படி தொழில் பழகச் சேர்க்கும்போது 25 கினி கொடுக்கிறாள், அதாவது 26 பவுண்ட் 5 ஷில்லிங். ஜோ கூச்சத்தில் அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பிப்பைப் பார்த்தே பதில் சொல்கிறார். பிப் அவமானத்தில் நெளிகிறான். அந்த வீட்டில் அவளுடைய வளர்ப்பு மகள் எஸ்டெல்லா அவன் கையின் காய்ப்பையும் காலின் முரட்டுப் பூட்ஸையும் பார்த்துச் சிரித்ததிலிருந்தே அவனுக்குப் பட்டறை கசந்துபோயிருக்கிறது. பிறகு வக்கீல் ஜாகர்ஸ் வந்து, பெயர் சொல்லக்கூடாத ஒருவர் உன்னைக் கனவானாக்கப் போகிறார் என்று 20 கினி உடைச் செலவுக்கு எண்ணிக் கொடுக்கிறார். பையனை இழப்பதற்கு ஈடாக ஜோவுக்கும் பணம் தர முன்வருகிறார். ஜோவுக்கு வரும் கோபத்தைப் பார்த்து அந்த வக்கீலே பின்வாங்குகிறார்.

இதற்கெல்லாம் நடுவில் சல்லிக்காசு கொடுக்காத பம்பிள்சூக், பிப்பின் அதிர்ஷ்டத்துக்கு ஆதி காரணம் தானே என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நம் கல்யாண வீடுகளில் மொய் எழுதாமலே பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்பாரே ஒருவர், அவரேதான்.

மார்ஜின் விட்டு எழுதிய கடன்

லண்டன் வந்த பிப் செலவழிக்கக் கற்றுக்கொள்ளும் வேகம் பயங்கரமானது. வேலை இல்லாத வீட்டில் ஒரு வேலைக்காரப் பையன், அவனுக்குச் சீருடை, பிறகு அவனுக்கு என்ன வேலை கொடுப்பதென்ற கவலை. விலை உயர்ந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவதே நோக்கமான ஒரு கிளப். இதை டிக்கன்ஸ் வேகமாகக் கடந்துவிடுகிறார். நிதானமாகச் சொல்வது 34-ஆம் அத்தியாயத்தில் வரும் கணக்குப் பார்க்கும் சடங்கை. சொந்தக் கடனைக் கையில் எடுத்துப் பார்த்த யாரும் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

சடங்கின் வரிசை இது. முதலில் இரவு உணவுக்கு விசேஷமாக ஏதாவது, கூடவே ஒரு பாட்டில், கணக்குப் பார்க்கத் தெம்பு வேண்டுமல்லவா. பிறகு ஒரு கட்டுப் பேனா, நிறைய மை, எழுதவும் ஒற்றவும் தாராளமாகத் தாள். பிப் ஒரு தாளின் தலையில் அழகான கையெழுத்தில் 'பிப்பின் கடன் விவரம்' என்று எழுதி, இடமும் தேதியும் போடுகிறான். அறைத்தோழன் ஹெர்பர்ட் பாக்கெட் அதே சம்பிரதாயத்தோடு தன் தாளை ஆரம்பிக்கிறான். இழுப்பறையிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் கண்ணாடிச் சட்டத்தில் செருகியதிலிருந்தும் பில்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பதிந்து டிக் அடிக்கிறார்கள். பேனா கிறீச்சிடும் சத்தத்திலேயே மனசு லேசாகிவிடுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் இந்தப் பயிற்சிக்கும் பணத்தைக் கட்டித் தீர்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். கடைசியில் பில்களை ஒரே அளவாக மடித்து, முதுகில் குறிப்பெழுதி, அழகாகக் கட்டி வைக்கிறான்.

இதில் பிப்பின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. ஹெர்பர்ட்டின் கடன் 164 பவுண்ட் 4 ஷில்லிங் 2 பென்னி என்று வந்தால், கொஞ்சம் மார்ஜின் விட்டு 200 என்று எழுதச் சொல்கிறான். தன்னுடையது அதைப்போல நான்கு மடங்கு என்றால் அதற்கும் மார்ஜின் விட்டு 700 என்று போடுகிறான். இங்கே ஒரு நுணுக்கம்: 164-இன் நான்கு மடங்கே 650-ஐத் தாண்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு சொன்ன உதாரணம்தான், ஆனாலும் தன் கடனுக்கு அவன் விடும் இடைவெளி எவ்வளவு சின்னது என்பது தெரிந்துவிடுகிறது. ஹெர்பர்ட் விஷயத்தில் மிஞ்சுவது 35 பவுண்ட் 15 ஷில்லிங் 10 பென்னி. எதிர்பாராத செலவுக்கென்று விட்ட அந்த இடம் உடனே செலவழிக்க அனுமதி கிடைத்த இடமாகிவிடுகிறது. தாளில் 200 என்று எழுதியாயிற்று, நிஜத்தில் 164 தானே, இன்னும் 35 வாங்கினால்கூடத் திட்டத்துக்குள்தான் இருக்கிறோம். மார்ஜின் நிரம்பியதும் புது மார்ஜின். பட்ஜெட் போடும் செயலிகளில் 'இதர செலவுகள்' என்றொரு கட்டம் இருக்கிறதே, அது மாதம் தவறாமல் முழுசாகக் காலியாவதும் இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் இந்த அத்தியாயத்தின் கசப்பான வரி தொகையில் இல்லை. தன் ஆடம்பரம் ஹெர்பர்ட்டின் இளகிய சுபாவத்தையும் இழுத்துப்போட்டு, அவனால் தாங்க முடியாத செலவில் மாட்டிவிட்டது என்று பிப் சொல்கிறானே, அந்த வரிதான். ஹெர்பர்ட் யார்? பிப் லண்டனில் இறங்கிய முதல் நாள், கத்தியை வாய்க்குள் விடக்கூடாது, கைத்துண்டைத் தம்ளருக்குள் திணிக்கக்கூடாது என்பதையெல்லாம், மிஸ் ஹாவிஷாமின் கதையைச் சொல்லிக்கொண்டே, நடுநடுவே போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தவன். கூச்சப்படுத்தாமல் ஒருவரைத் திருத்துவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணத்தை நான் படித்ததில்லை. அவனுக்குப் பிப் திருப்பிக் கொடுத்தது கடன்.

ஆறு பாலங்களும் ஒரு கோட்டையும்

பிப்புக்கு 21 வயதாகிறது. ஜாகர்ஸ் ஒரு 500 பவுண்ட் நோட்டை நீட்டி, இனி வருடத்துக்கு இதுதான், இதற்குள் வாழ்ந்துகொள் என்கிறார். யார் கொடுக்கிறார்கள் என்பது இன்னும் ரகசியம். கழுத்தளவு கடனில் இருக்கும் பையன் கையில் மொத்தமாக 500 கிடைத்தால் என்ன செய்வான்? பிப் ஜாகர்ஸின் குமாஸ்தா வெம்மிக்கிடம் போய், ஒரு நண்பனுக்குத் தொழிலில் கால் ஊன்ற உதவ வேண்டும் என்று யோசனை கேட்கிறான்.

வெம்மிக் விரல் விட்டு எண்ணுகிறார்: லண்டன் பாலம், சவத்தர்க், பிளாக்ஃபிரையர்ஸ், வாட்டர்லூ, வெஸ்ட்மின்ஸ்டர், வாக்ஸால். ஆறு இருக்கின்றன, ஏதாவது ஒன்றின் நடு வளைவில் நின்று பணத்தைத் தேம்ஸில் போடு, பணம் போன இடமாவது தெரியும், நண்பனுக்குக் கொடுத்தாலும் முடிவு அதேதான், ஆனால் அவ்வளவு சுகமாக இருக்காது. இது உங்கள் அபிப்பிராயமா என்று பிப் கேட்டால், இந்த அலுவலகத்தில் என் அபிப்பிராயம் என்கிறார். பிப்புக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வால்வர்த்தில் வெம்மிக் கட்டியிருக்கும், தூக்குப் பாலமும் பீரங்கியும் வைத்த பொம்மைக் கோட்டை வீட்டுக்குப் போகிறான். அங்கே அதே மனிதரிடம் வேறு பதில் கிடைக்கிறது. கேள்வி சரியாக இருந்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில் வைத்துக் கேட்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். இந்த விவரம் பிப்புக்குப் பிடிபட்டது எனக்கு அவன் 21 வயதைத் தாண்டியதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அங்கே பிப் கேட்பதையும் கவனிக்க வேண்டும். ஹெர்பர்ட்டுக்கு இப்போதைக்கு வருடம் 100 பவுண்ட் அளவில் ஏதாவது வருமானம், பிறகு படிப்படியாக ஒரு சின்னக் கூட்டு. அவன் நட்பினால் நான் அடைந்த லாபத்துக்கு மோசமாகத்தான் கைம்மாறு செய்திருக்கிறேன், நான் வராமலிருந்தால் அவன் நன்றாக இருந்திருப்பானோ என்னவோ என்று வாய்விட்டுச் சொல்கிறான். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஹெர்பர்ட்டுக்குத் தெரியவும் கூடாது, சந்தேகம் வரவும் கூடாது.

வேலை முறைப்படி நடக்கிறது. வெம்மிக்குக்குப் பழக்கமான ஒரு பெண்ணின் அண்ணன் கணக்கர். அவர் மூலம் கிளாரிக்கர் என்ற இளம் கப்பல் தரகர் அகப்படுகிறார். தொழில் தொடங்கி அதிக நாள் ஆகாதவர், அவருக்குப் புத்திசாலியான உதவியாள் வேண்டும், முதல் வேண்டும், நாளடைவில் ஒரு கூட்டாளியும் வேண்டும். ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. பிப் 500-இல் பாதியை உடனே கட்டுகிறான். மீதி, வருமானம் வரவரத் தவணை. ஒரு நாள் ஹெர்பர்ட் முகமெல்லாம் ஒளியாக வந்து, கிளாரிக்கர் என்று ஒருவரைச் சந்தித்தேன், ஏனோ என்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம், வழி திறந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறான். அவன் நம்பிக்கை கூடக்கூட, பிப் தன்னை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான். அன்று இரவு படுக்கையில் அழுகிறான், தன் பணம் யாரோ ஒருவருக்காவது நல்லது செய்ததே என்று.

இதைத் தியாகம் என்று தூக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. கடன்காரர்கள் வரிசையில் நிற்க, கையிலிருந்த 250 பவுண்டை இன்னொருவன் தொழிலில் போடுவதைப் பொறுப்பான நிதி நிர்வாகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுவும் உழைக்காமல் வந்த காசு. ஜோவுக்கு அதிலிருந்து ஒரு பீப்பாய் சிப்பிகூடப் போகவில்லை. போனதெல்லாம், மனசு உறுத்தும்போது மீனும் சிப்பியும் அனுப்பி உறுத்தலைச் சரிக்கட்டுவதற்கு வேறு சமயத்தில். இருந்தும், தான் கெடுத்ததை, தான் கெடுத்தேன் என்று தெரிந்து, கெடுக்கப்பட்டவனுக்கே தெரியாமல் சரிசெய்வது பிள்ளைத்தனமான மனசுக்கு வராது. ஹெர்பர்ட்டின் நன்றி தனக்குக் கிடைக்காமல் முன்பின் தெரியாத கிளாரிக்கருக்குப் போவதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்க ஒரு பக்குவம் வேண்டும்.

எரிந்த இரண்டு நோட்டுகள்

பிப்புக்கு 23 வயதாகி ஒரு வாரம். புயலும் மழையுமான இரவில், மாடிப்படியேறி வருகிறான் மேக்விட்ச். ஆயுள் நாடுகடத்தல் பெற்றவன், நியூ சவுத் வேல்ஸிலிருந்து திரும்பியது தெரிந்தால் தூக்கு. யாரென்று தெரிந்ததும் பிப், பழைய உதவிக்குக் கணக்குத் தீர்ப்பதுபோல, இரண்டு புத்தம்புது ஒரு பவுண்ட் நோட்டுகளை எடுத்துத் தருகிறான். வேறு யாராவது ஏழைப் பையனுக்குக் கொடுங்கள் என்கிறான். மேக்விட்ச் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் பற்றவைத்து, சாம்பலைத் தட்டில் போடுகிறான். அதன் பிறகுதான் கேள்விகள் கேட்க ஆரம்பிக்கிறான். வருட வருமானம் எவ்வளவு, முதல் எண் ஐந்தா, காப்பாளர் வக்கீல்தானே, பெயர் 'ஜா'வில் தொடங்குமா.

இந்தப் பணமும் பெயர் போடாத பணம்தான். பிப்பைக் கனவானாக்கிய அந்தப் பெயர் தெரியாத ஆள் இவன்தான், ஆடு மேய்த்துச் சம்பாதித்த ஒவ்வொரு கினியையும் பையனுக்கென்று ஒதுக்கியவன். ஆனால் அவன் வாயிலிருந்து வரும் பேச்சைக் கேளுங்கள். அங்கே குடியேறியவர்கள் குதிரையில் தூசி கிளப்பிப் போகும்போது, உங்களிடம் ஆடும் நிலமும் இருக்கலாம், படித்து வளர்ந்த லண்டன் கனவான் ஒருவனுக்குச் சொந்தக்காரன் உங்களில் யார் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வானாம். பிப்பின் விரல் மோதிரத்தையும் பையிலிருந்த கடிகாரத்தையும் புத்தகங்களையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். அன்பு உண்மையானது, அதில் சந்தேகமில்லை. சொந்தம் கொண்டாடலும் உண்மையானது. எஸ்டெல்லாவை வளர்த்த மிஸ் ஹாவிஷாமும் இதைத்தான் செய்தாள், இன்னும் கொடூரமாக. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஹெர்பர்ட்டுக்குக் கொடுத்தபோது பிப் தன் பெயரை மறைத்தது எதற்காக, மேக்விட்ச் மறைத்தது எதற்காக என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாவலின் அச்சு தெரியும். மேக்விட்ச் ஒருநாள் திறந்து காட்டுவதற்காக மூடி வைத்தவன்.

அதன்பின் பிப் மேக்விட்ச்சின் பணத்தைத் தொடுவதில்லை. முதலில் அது அருவருப்பால்தான், நேர்மையால் இல்லை. டிக்கன்ஸ் இதைப் பூசி மெழுகவில்லை. அருவருப்பு தணிந்த பிறகும் தொடவில்லை என்பதுதான் கணக்கில் வர வேண்டியது. மேக்விட்ச் கொடுத்த பணப்பையைத் திறக்காமலே ஹெர்பர்ட் மூலம் திருப்பி அனுப்புகிறான். நடைமுறையில் இதனால் என்ன ஆகும்? ஹெர்பர்ட்டின் தவணைகள் நின்றுபோகும். மீதிக்கு 900 பவுண்ட் வேண்டும். பிப் மிஸ் ஹாவிஷாமிடம் போய்க் கேட்கிறான். உனக்கென்று எதுவும் வேண்டாமா என்று அவள் கேட்க, வேண்டாம் என்கிறான். அவள் ஜாகர்ஸுக்குச் சீட்டு எழுதித் தருகிறாள். மேக்விட்ச்சைக் கப்பலேற்றும் முயற்சி தேம்ஸில் தோற்று, அவன் தண்டிக்கப்பட்டதும் சொத்தெல்லாம் அரசுக்குப் போய்விடுகிறது. அந்தக் கைதியின் வியர்வையில் மிஞ்சியது, யாருக்கும் தெரியாமல் கிளாரிக்கரின் கணக்கில் போய்ச் சேர்ந்த பங்கு ஒன்றுதான்.

123 பவுண்ட் 15 ஷில்லிங் 6 பென்னி

மேக்விட்ச் இறந்த கையோடு பிப் காய்ச்சலில் விழுகிறான். அந்த நிலையில் இரண்டு பேர் வந்து கைது என்கிறார்கள். தொகை 123 பவுண்ட் 15 ஷில்லிங் 6 பென்னி, நகைக்கடைப் பாக்கி. உடம்பின் நிலையைப் பார்த்து விட்டுவிட்டுப் போகிறார்கள். கண் திறக்கும்போது பக்கத்தில் ஜோ. வாரக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார். ஊர்ப் பெண் பிட்டி புதிதாகச் சொல்லிக்கொடுத்த எழுத்தில், பேனாவைக் கடப்பாரைபோலப் பிடித்து, அவளுக்குக் கடிதம் எழுதுகிறார். பிப் தேறத் தேற, 'பிப்' என்று கூப்பிட்டவர் மெல்ல 'சார்' என்று மாறுகிறார். தெம்பு வந்தால் இவன் பழையபடி விலகிவிடுவான் என்று அவருக்குத் தோன்ற, தான்தானே காரணம் என்பது பிப்புக்கு அப்போது உறைக்கிறது. மறுநாள் பேசிவிடலாம் என்று நினைக்கிறான். மறுநாள் காலை ஜோ இல்லை. ஒரு துண்டுச் சீட்டு, அதனுள் கடனும் செலவும் கட்டிய ரசீது.

பேரேட்டை இங்கே ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். பிப்பைத் தொழில் பழக எடுத்ததற்கு ஜோவுக்குக் கிடைத்தது 26 பவுண்ட் 5 ஷில்லிங். அவனை விடுவிக்க அவர் கட்டியது அதைப்போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, வழக்குச் செலவு தனி. கிராமத்துக் கொல்லரின் சேமிப்பில் எவ்வளவு போயிருக்கும் என்று டிக்கன்ஸ் சொல்லவில்லை. ஜோவும் சொல்லவில்லை.

இந்தக் கடன் விவரங்கள் டிக்கன்ஸுக்குக் கற்பனையில் வந்தவை அல்ல. 1824-இல் அப்பா ஜான் டிக்கன்ஸ் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தபோது, 12 வயதுப் பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினான். அதை உயிரோடிருந்தவரை அவர் வாசகர்களிடம் சொல்லவில்லை. 1870-இல் அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது. இந்த நாவலே பண நெருக்கடியில் பிறந்ததுதான். அவருடைய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழின் விற்பனை சரிந்ததால், மாத வெளியீடாக நினைத்திருந்த கதையை அவசரமாக வாரத்தொடராக்கினார். 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை ஓடியது.

முடிவைப் பற்றி எல்லோரும் எஸ்டெல்லாவை வைத்தே சண்டை போடுகிறார்கள். டிக்கன்ஸ் முதலில் இருவரும் பிரிந்துபோவதாக எழுதியிருந்தார், நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொன்னதால் மாற்றினார். எது நல்லது என்ற விவாதம் நடக்கட்டும். பேரேட்டைப் பொறுத்தவரை கதை அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. பிப் இருப்பதையெல்லாம் விற்று, கடன்காரர்களிடம் அவகாசம் வாங்கிக்கொண்டு, கெய்ரோவில் கிளாரிக்கர் கம்பெனிக் கிளையில் குமாஸ்தாவாகச் சேர்கிறான். அந்த வேலையைக் கூப்பிட்டுக் கொடுத்தவன் ஹெர்பர்ட், தன்னை அங்கே உட்காரவைத்தது யார் என்று தெரியாமலே. ஹெர்பர்ட் வீட்டிலேயே தங்கி, சிக்கனமாக இருந்து, கடனை அடைத்து, பல வருடம் கழித்துத்தான் நிறுவனத்தில் மூன்றாம் பங்காளியாகிறான். அப்போதுதான் கிளாரிக்கர், இனியும் மனசில் வைத்திருக்க முடியாது என்று, உண்மையை ஹெர்பர்ட்டிடம் போட்டு உடைக்கிறார். பெரிய வியாபாரம் இல்லை, நல்ல பெயர் இருந்தது, லாபத்துக்காக உழைத்தோம், நன்றாகவே இருந்தோம் என்கிறான் பிப். அதற்கெல்லாம் ஹெர்பர்ட்டின் சுறுசுறுப்புதான் காரணமாம். இப்படிப்பட்டவனைச் சாமர்த்தியம் போதாதவன் என்று ஒரு காலத்தில் எப்படி நினைத்தேன் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, அந்தப் போதாமை தன்னிடம்தான் இருந்திருக்குமோ என்று ஒரு நாள் தோன்றுகிறது.